முதல் குளிசைக்கு முன்னால் ஒரு போத்தல்

மருந்துக்கு மசியாத சிறுநீரகத் தொற்றை வெல்ல வலிய ஊசியைத் தேடுகிறோம். அதற்கு முன்னால் தேடவேண்டிய சிறுநீர்ப் பரிசோதனையோ திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் எட்டாத தூரத்தில் இருக்கிறது.

1941 பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நகர வைத்தியசாலையில் அல்பேர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்குப் பெனிசிலின் ஏற்றினார்கள். முகத்தில் தொடங்கிய புண் சீழ்வைத்து, ஒரு கண்ணைப் பறித்து, நுரையீரல் வரைக்கும் இறங்கியிருந்தது. ஊசி ஏற்றிய சில நாட்களில் காய்ச்சல் விட்டது, சாப்பிடத் தொடங்கினார். ஆனால் அன்றைக்கு உலகத்திலிருந்த பெனிசிலின் முழுவதையும் சேர்த்தாலும் ஒருவருக்கே காணாது. சிறுநீரகம் பெனிசிலினில் பெரும்பங்கைச் சிதைக்காமல் சிறுநீரோடு தள்ளிவிடும் என்பது வைத்தியர்களுக்குத் தெரியும். நோயாளியின் சிறுநீரை வீணாக்காமல் பிடித்து, சைக்கிளில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்த மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் ஐந்து நாளில் மருந்து தீர்ந்தது. மார்ச் 15 அன்று அவர் இறந்துபோனார்.

அதற்கு அடுத்த வருடம், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்தப் போர்க்காலத்தில் இறந்த நேச நாட்டுப் படையினர் பலர் உப்புவெளியில், நிலாவெளி வீதியோரத்து யுத்த மயானத்தில் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1942இல் புண்பட்டு வந்த சிப்பாய்க்குப் பெனிசிலின் கைக்கெட்டாத பொருள். போர்முனைகளுக்குப் போதிய அளவில் அது போய்ச்சேர்ந்தது 1944இல்தான். இன்றைக்கு அதே வீதியில் பஸ்ஸில் போகிற எவரும், சலக்கடுப்பு என்றால் இறங்கி ஒரு பாமசியில் இரண்டு வகை அன்டிபயோட்டிக் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைத்த மருந்து, ஒரு மனித ஆயுளுக்குள் மிட்டாய் மாதிரி ஆகிவிட்டது. அளவும் காலமும் தப்பினால் கிருமி பழகிக்கொள்ளும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையிலேயே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை எங்கேயும் பலித்திருக்கிறது. சிறுநீரகத் தொற்றில் தெளிவாகப் பலித்திருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023இல் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்ட பக்டீரியாத் தொற்றுகளில் உலகளவில் ஆறில் ஒன்று மருந்துக்கு மசியவில்லை. இலங்கையும் இந்தியாவும் அடங்கும் தென்கிழக்காசிய வலயத்தில் அது மூன்றில் ஒன்று. இதைப் படிக்கிறவருக்கு உடனே வருகிற கேள்வி, ‘இதைவிட வலிய மருந்து எது?’ என்பதுதான். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியே பிழை என்று சொல்ல வருகிறது. மசியாத கிருமியால் வரும் சிறுநீரகத் தொற்றில் உயிரையும் மருந்தையும் சேர்த்துக் காப்பது, முதல் குளிசைக்கு முன்னால் பிடிக்கப்படும் ஒரு போத்தல் சிறுநீர். அதைப் பிடிக்கத் தவறுகிற நோயாளியைத் திட்டுவதில் பயனில்லை. அந்தப் போத்தல் போய்ச்சேர வழி இல்லாத ஏற்பாட்டைத்தான் மாற்றவேண்டும்.

கடுப்பு எப்போது காய்ச்சலாகிறது

ஈ.கோலி என்ற பக்டீரியா எல்லோருடைய குடலிலும் குடியிருக்கிறது. அங்கே இருக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. சிறுநீர் வெளியேறும் வழியாக மேலே ஏறிச் சிறுநீர்ப்பையை அடையும்போது கடுப்பும் எரிவும் அடிக்கடி போகவேண்டும் என்ற உந்துதலும் வருகின்றன. பெண்களுக்கு அந்த வழி குறுகியது என்பதால் அவர்களுக்கே இது அதிகம். பெரும்பாலும் நோய் அங்கேயே நின்றுவிடும். சில ஈ.கோலி வகைகளுக்கு மயிரிழை போன்ற பற்றுக்கைகள் உண்டு. அவற்றால் சுவரைப் பிடித்து ஏறி, குழாய் வழியே சிறுநீரகத்துக்குள் நுழைந்துவிடும். அப்போது குறி மாறுகிறது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப்பக்கத்தில் தட்டினால் உயிர்போகிற நோ, ஓங்காளம், சத்தி. இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்கள் வழியாகத்தான் ஓடுகிறது. ஆகவே சிறுநீரகத்தில் இருக்கிற கிருமிக்கு இரத்தத்தில் இறங்க ஓர் எட்டுத்தான் தூரம்.

இந்த வித்தியாசம் மருந்தைத் தெரிவதில் எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. நைட்ரோஃபுரன்டொயின் என்ற பழைய, மலிவான குளிசை இன்றைக்கும் மசியாத ஈ.கோலிகள் பலவற்றைச் சிறுநீர்ப்பையில் வைத்து மடக்கும். ஆனால் அது சிறுநீரில் நிறைகிற அளவுக்கு இரத்தத்திலோ சிறுநீரகச் சதையிலோ ஊறுவதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடியும் வரம்புக்குள் ஈரம் இறங்காத வயல் மாதிரி. காய்ச்சலும் நடுக்கமும் வந்தவருக்கு அதைக் கொடுத்தால், கடுப்பு குறைந்து நோய் தீர்ந்தது போலிருக்கும். மேலே சிறுநீரகத்தில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். மறுபக்கம், வெறும் கடுப்புக்கு வந்தவருக்குச் சிறுநீரகத் தொற்றுக்குரிய சிப்ரோஃப்ளொக்சசினை எடுத்த எடுப்பில் கொடுத்துக் கொடுத்தே அந்த மருந்தை நாம் மழுங்கடித்திருக்கிறோம். நோய் எந்த மாடியில் இருக்கிறது என்று பார்க்காமல் மருந்து கொடுப்பதால் வரும் இழப்பு இரண்டு பக்கமும் விழுகிறது.

தட்டில் தெரியும் சாவித்துளை

சிறுநீர்ப் போத்தல் ஆய்வுகூடத்துக்குப் போனபின் நடப்பதைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்கவேண்டும். ஒரு லீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை மட்டும் அள்ளும் சின்னக் கம்பி வளையத்தைச் சிறுநீரில் தோய்த்து, நீலப்பச்சைக் கூழ் படிந்த தட்டில் கோடு கோடாக இழுக்கிறார்கள். இரவு முழுக்க உடற்சூட்டில் வைக்கப்பட்ட தட்டில் ஈ.கோலி இருந்தால், காலையில் அந்த நிறம் மஞ்சளாகியிருக்கும். கிருமிக் கூட்டங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். நூறு புள்ளிகள் என்றால் ஒரு மில்லிலீற்றரில் ஒரு இலட்சம் கிருமிகள். அதில் ஒரு புள்ளியைக் கிள்ளி இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, மேலே பொட்டு மாதிரி ஆறு மில்லிமீற்றர் அகலக் கடதாசி வட்டுகளை ஒட்டுகிறார்கள். ஒவ்வொரு வட்டிலும் ஒவ்வொரு மருந்து. மறுநாள், வேலைசெய்கிற மருந்தைச் சுற்றிக் கிருமியில்லாத தெளிந்த வளையம். வேலைசெய்யாத மருந்தின் வட்டை முட்டிக்கொண்டு கிருமிப்படலம். இரண்டு இரவு, இரண்டு தட்டு. நாம் ‘கல்ச்சர் ரிப்போட்’ என்கிற கடதாசித் துண்டின் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

அந்தத் தட்டில் சில நேரம் ஒரு விசித்திர வடிவம் தோன்றும். செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்து வட்டின் வளையம், பக்கத்திலுள்ள கிளாவுலானிக் அமிலம் கலந்த வட்டை நோக்கி மட்டும் நீண்டு, சாவித்துளை போல் இழுபட்டிருக்கும். கிருமி ஒரு நொதியத்தைச் சுரந்து செஃப்ட்ரியாக்சோனை உடைக்கிறது, கிளாவுலானிக் அமிலம் அந்த நொதியத்தின் கையைக் கட்டிவிடுகிறது என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. வைத்தியர்கள் இந்த நொதியத்தை ஈஎஸ்பிஎல் என்கிறார்கள். அந்த நொதியத்தைச் செய்யும் மரபணு, ஒரு பக்டீரியா இன்னொன்றுக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய சிறு வளையத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அதே வளையத்தில் வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பும் சேர்ந்தே பயணம் செய்யும். இன்று உலகத்தை நிறைத்திருக்கும் சிடிஎக்ஸ்எம்-15 என்ற வகை, 1999இல் புதுடில்லியில் எடுத்த கிருமிகளில்தான் முதலில் இனங்காணப்பட்டது. நெதர்லாந்தில் 2,001 பயணிகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு, தெற்காசியாவுக்கு வந்து திரும்பியவர்களில் 75 வீதமானோர் ஈஎஸ்பிஎல் கிருமியைக் குடலில் புதிதாகச் சுமந்து போனதாகக் காட்டியது. உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரர் சில கிழமைகளில் சுமந்துபோகக்கூடிய கிருமி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் குடலில் எவ்வளவு பரவியிருக்கும் என்று கணக்குப் போட அதிக படிப்புத் தேவையில்லை.

தட்டைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஈஎஸ்பிஎல் கிருமிக்குப் பிபெரசிலின்–டாசோபக்டம் என்ற கூட்டு மருந்து தட்டில் நன்றாக வேலைசெய்வதுபோல் தெரியும். அதை நம்பலாமா என்று ஒன்பது நாடுகளில் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். செஃப்ட்ரியாக்சோனுக்கு மசியாத ஈ.கோலி, கிளெப்சியெல்லா கிருமிகள் இரத்தத்தில் கலந்த நோயாளிகளில், மெரோபெனெம் என்ற வலிய ஊசி மருந்தைப் பெற்றவர்களில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 3.7 வீதம், பிபெரசிலின்–டாசோபக்டம் பெற்றவர்களில் 12.3 வீதம். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கிருமி புறப்பட்ட இடம் சிறுநீர்ப்பாதைதான். ஆக, உயிர் ஊசலாடும் நேரத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அப்படியென்றால் காய்ச்சலோடு வருகிற எல்லோருக்கும் மெரோபெனெமைப் போட்டுவிட்டால் என்ன? போத்தல் எதற்கு, தட்டு எதற்கு?

சென்னையில் இருந்து வந்த பதில்

அந்தக் கேள்விக்கான பதில் 2008இல் ஒரு சிறுநீர்ப் போத்தலில் இருந்துதான் வந்தது. புதுடில்லியில் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரின் சிறுநீரில், மெரோபெனெம் வகை மருந்துகளையே உடைக்கும் கிளெப்சியெல்லா கிடைத்தது. அந்த நொதியத்துக்கு என்டிஎம்-1 என்று பெயர் வைத்தார்கள். 2010 ஓகஸ்டில் லான்செட் குழும இதழில் வெளிவந்த கட்டுரை, அது ஒரு தனி மனிதரின் துரதிர்ஷ்டம் இல்லை என்று காட்டியது. சென்னையில் 44, அரியானாவில் 26, பிரித்தானியாவில் 37, இந்திய உபகண்டத்தின் மற்ற இடங்களில் 73 என்று என்டிஎம் கிருமிகள் பட்டியலிடப்பட்டிருந்தன. முதலாவது ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கிருமிக்கு டில்லியின் பெயரா என்று இந்தியாவில் பெரிய சர்ச்சை எழுந்தது. பெயரைப் பற்றிய கோபம் அடங்கியபின் வேலை தொடங்கியது: 2012 ஓகஸ்டில் வைத்திய சங்கங்கள் கூடிச் சென்னைப் பிரகடனம் உருவானது, 2014இல் 24 அன்டிபயோட்டிக்குகளின் விற்பனையைப் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இந்த வரலாறு சொல்வது ஒன்று. ஈஎஸ்பிஎல்லுக்குப் பயந்து மெரோபெனெமை எல்லோருக்கும் ஊற்றினால், என்டிஎம்மை நாமே வளர்த்துவிடுவோம். அதற்கு மேலே ஏறுகிற ஏணியில் படிகள் மிகக் குறைவு.

மிஞ்சியிருக்கிற படிகளும் வழுக்குகின்றன. மெரோபெனெமும் தோற்றால் வைத்தியர் நாடும் கொலிஸ்டின் சிறுநீரகத்தையே தாக்கக்கூடியது. அமிகாசின் சிறுநீரகத்தில் நன்றாகச் சேர்ந்து வேலைசெய்யும் மருந்துதான். ஆனால் நாள் கூடினால் அந்தச் சேர்க்கையே சிறுநீரகத்துக்கு நஞ்சாகும். இந்த மாவட்டத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் 1990களில் அடையாளம் காணப்பட்ட, காரணம் இன்னும் முற்றாகத் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோய், அந்த எல்லையை ஒட்டிய பதவிசிறிபுர போன்ற திருகோணமலை மாவட்டக் கமக்காரக் கிராமங்களையும் தொட்டிருக்கிறது. நாட்டில் வயதுவந்தோரில் பத்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. நீரிழிவுக்காரருக்குச் சிறுநீரகத் தொற்று வந்தால் அது கடுமையாகும் வாய்ப்பும் கூட. ஏற்கெனவே பாதி எரிந்த விளக்கான சிறுநீரகத்துக்குத் தேவையற்ற நஞ்சை ஊற்றாமல் இருக்கவேண்டும் என்றால், தேவை எது என்று முதலில் தெரியவேண்டும்.

ஆகவே வழி இப்படித்தான் இருக்கமுடியும். நடுக்கமும் காய்ச்சலுமாக, இரத்த அழுத்தம் விழுந்து வருகிறவருக்கு ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் வலிய மருந்தைத் தொடங்கவேண்டும். அதற்கு முந்திய ஐந்து நிமிடத்தில் சிறுநீரும் இரத்தமும் கல்ச்சருக்கு எடுக்கப்படவேண்டும். மூன்றாம் நாள் தட்டு பேசும். கோ-டிரைமொக்சசோலோ சிப்ரோஃப்ளொக்சசினோ கேட்கும் கிருமி என்றால், நோயாளி தேறியதும் ஊசியை நிறுத்திக் குளிசைக்கு மாறலாம். கேட்காதென்றால் மெரோபெனெமையோ, நாளுக்கு ஒரு தடவை போடக்கூடிய எர்டாபெனெமையோ தொடரலாம். குணம் தெரிகிறவருக்குப் பெரும்பாலும் ஏழு நாள் போதும் என்று சமீபத்திய வழிகாட்டிகள் சொல்கின்றன. முன்பு இரண்டு கிழமை கொடுத்த பழக்கம் அதிகப்படி என்று தெரியவந்திருக்கிறது. முதல் நாள் பரந்து அடிப்பது, மூன்றாம் நாள் குறுக்குவது, ஏழாம் நாள் நிறுத்துவது. போத்தல் பிடிக்காமல் விட்டால் முதல் நாளோடு அறிவு நின்றுவிடும். மூன்றாம் நாள் குறுக்க ஆதாரம் இருக்காது. பயத்தில் பதினான்கு நாளும் ஓடும். ‘கல்ச்சர் மூன்று நாள் பிடிக்கும், நோயாளி அதற்குள் செத்துப்போவார்’ என்று சொல்கிறவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மருந்தைத் தாமதிக்கும்படி கல்ச்சர் கேட்பதில்லை. மருந்துக்கு முன்னால் ஐந்து நிமிடம் மட்டும் கேட்கிறது.

பாமசி வாசலில் நிற்பவர் யார்

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். ‘இதெல்லாம் வார்டுக்குள் நடக்கிற கதை. கரைவலை இழுக்கிறவரும் ஹோட்டலில் அறை துப்புரவாக்குகிற பெண்ணும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார்களா? சனல் பண்ணிக் காட்டக் காசு இருக்கிறதா? பாமசிக்காரர் இரண்டு குளிசை கொடுக்கிறதால் அவர்கள் பிழைக்கிறார்கள். அதையும் தடுத்தால் ஏழைதான் சாவான்.’ இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. மருந்து அதிகமாகப் பாவிக்கப்படும் அதே நாடுகளில்தான் மருந்து கிடைக்காமலும் சாகிறார்கள். 2019இல் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் உள்ளிட்ட எட்டு நாடுகளில் மெரோபெனெம் வகைக்கு மசியாத தொற்று கண்டவர்கள் ஏறக்குறைய 15 இலட்சம் பேர். அவர்களில் பொருத்தமான மருந்து கிடைத்தவர்கள் 6.9 வீதம்தான் என்று 2025இல் லான்செட் குழும இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. தடை என்கிற ஒரே ஆயுதத்தோடு இந்தப் பிரச்சினைக்குள் இறங்குகிறவர், இந்தக் கணக்கின் மறுபக்கத்தைப் பார்க்கவில்லை.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மருந்துச் சிட்டை இல்லாமல் அன்டிபயோட்டிக் விற்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அதற்குப் பொறுப்பு. ஆனாலும் வாடிக்கையாளர் போல் ஆட்களை அனுப்பிப் பார்த்த ஆய்வுகள், இலங்கையில் சிட்டையின்றி அன்டிபயோட்டிக் விற்கப்படுவதைக் காட்டியிருக்கின்றன. சலக்கடுப்பும் அப்படி மருந்து வாங்கும் காரணங்களில் ஒன்று. சட்டம் ஏன் வாசலில் நின்றுவிடுகிறது? கடுப்போடு வருகிற பெண்ணுக்குச் சிட்டைக்குப் பதிலாகக் காட்ட வேறு வாசல் இல்லை என்பதால். வெட்கம் ஒன்று, நேரம் ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அன்றைக்கே யாரும் போத்தல் நீட்டப்போவதில்லை என்ற அனுபவம் இன்னொன்று. பாமசி வாசலில் நிற்பவரை நாம் குற்றவாளி ஆக்குகிறோம். அவர் உண்மையில், கதவு பூட்டிய வேறொரு வாசலில் இருந்து திரும்பி வந்தவர். ‘முழுக் குளிசையையும் குடித்து முடியுங்கள், சிட்டை இல்லாமல் வாங்காதீர்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவது மலிவு. பூட்டிய கதவைத் திறப்பதற்குத்தான் ஆளும் வண்டியும் வேண்டும்.

இன்னொரு மறுப்பும் உண்டு: ‘விஞ்ஞானம் சும்மா இருக்குமா? புது மருந்து வரும்.’ வருகிறது, அதுவும் தமிழ்நாட்டில் இருந்தே. சென்னையின் ஓர்கிட் நிறுவனத்தில் கண்டறியப்பட்ட என்மெட்டாசோபக்டம், செஃபெபிம் என்ற பழைய மருந்தோடு சேர்ந்து, சிறுநீரகத் தொற்று உட்பட்ட சிக்கலான சிறுநீர்த் தொற்றுகளுக்கு 2024 பெப்ரவரியில் அமெரிக்க அனுமதி பெற்றது. அதற்கு ஆதாரமான சோதனையில் அந்தக் கூட்டு மருந்து 79.1 வீதமானோரைத் தேற்றிக் கிருமியையும் அழித்தது, பிபெரசிலின்–டாசோபக்டம் 58.9 வீதத்தில் நின்றது. பெருமைப்படவேண்டிய செய்திதான். ஆனால் அது குறிவைத்தது ஈஎஸ்பிஎல்லை. என்டிஎம் கிருமியை அது மடக்காது. எந்தப் புது மருந்தும் எந்தக் கிருமிக்கு என்று பெயர் எழுதித்தான் வருகிறது. மேல்விலாசம் தெரியாமல் கடிதம் போட முடியாது. மேல்விலாசத்தை எழுதித் தருவது அந்தக் கல்ச்சர் தட்டு. தவிர, மருந்தின் பெரும்பகுதியை டொலர் கொடுத்து வாங்கும் நாடு இது. 2022இல் டொலர் வற்றியபோது சாதாரண மருந்துகளுக்கே வார்டுகள் திண்டாடின. விலைகூடிய புது மருந்தை நம்பி இன்றைய மருந்தை எரிப்பது, மழை வரும் என்று கிணற்றை இறைத்துக் கொட்டுவது போன்றது.

உப்பும் கரம்போர்ட் பவுடரும்

கதவு எங்கே பூட்டியிருக்கிறது என்று பார்த்தால், அது தூரத்திலும் சூட்டிலும் இருக்கிறது. உப்புவெளியில் இருப்பவருக்குத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை சில கிலோமீற்றர்தான். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை என்று வடக்கே போகப்போக, பக்கத்திலுள்ள சிறிய ஆஸ்பத்திரியில் பிடிக்கும் போத்தல் நுண்ணுயிரியல் ஆய்வுகூடத்துக்குப் பயணம் செய்யவேண்டும். இங்கேதான் கணக்கு இடறுகிறது. நல்ல சூட்டில் ஈ.கோலி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. இரண்டு மணித்தியாலத்தில் ஒன்று 64. நான்கு மணித்தியாலத்தில் 4,096. சித்திரை வெயிலில் மேசையில் கிடந்த போத்தலில் பிடிக்கும்போது இருந்த பத்துக் கிருமி, தட்டுக்குப் போகும்போது பெரிய தொற்றாகத் தெரியும். கழுவாமல் பிடித்தாலும், முதற்சலத்தைத் தரையில் விட்டு நடுச்சலத்தைப் பிடிக்காவிட்டாலும் இதே பிழைதான். பிழையான கல்ச்சர் கல்ச்சர் இல்லாததைவிட மோசம். இல்லாத தொற்றுக்கு மருந்து எழுதவைக்கும். நோய்க்குறி ஒன்றும் இல்லாத ஒருவரின் சிறுநீரில் கிருமி கண்டால், கர்ப்பிணிகளும் சில சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்களும் தவிர்ந்த மற்றவர்களுக்கு மருந்தே தேவையில்லை என்பது நிறுவப்பட்ட விதி. அங்கேயும் நாம் தாராளமாகக் குளிசை கொடுத்து வந்திருக்கிறோம்.

சூட்டை வெல்ல இரண்டு வழி இருக்கிறது. ஒன்று குளிர்ப்பெட்டி. மற்றது போரிக் அமிலம், கரம்போர்டில் காய் வழுக்கத் தூவுகிறார்களே, அந்தப் பவுடரின் இனம். அளந்த போரிக் அமிலம் போட்ட போத்தலில் குறித்த மட்டம்வரை சிறுநீரைப் பிடித்தால், கிருமி சாகவும் மாட்டாது, பெருகவும் மாட்டாது. 24 மணித்தியாலம் பிடித்த நிலையிலேயே நிற்கும். உப்புவெளிக் கரையில் இதை யாருக்கும் புதிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. இன்று விலைபோகாத மீனை நாளைக்கும் நிறுத்திவைக்க உப்புப் போடத் தெரிந்த ஊர்கள் இவை. உப்புக் குறைந்தால் மீன் அழுகும், கூடினால் வாயில் வைக்க முடியாது. போரிக் அமிலத்துக்கும் அதே அளவுக் கணக்கு உண்டு. போத்தலில் சிறுநீர் குறைந்தால் அமிலம் கூடிக் கிருமியைக் கொன்றுவிடும்.

கொண்டுபோகும் ஒழுங்கும் நமக்குப் புதிதில்லை. தடுப்பூசியை ஐஸ் பெட்டியில் வைத்து, சூடு ஏறாமல், மருத்துவ மாது கிராமத்துக் கிளினிக் வரைக்கும் கொண்டுபோகும் ஏற்பாட்டை இந்த நாடு போர்க்காலத்திலும் விடாமல் நடத்தியது. அதே ஒழுக்கத்தோடு, வேறு பெட்டியில், எதிர்த்திசையில், கிராமத்திலிருந்து மாவட்டத்துக்கு ஒவ்வொரு நாளும் போத்தல்கள் போகவேண்டும். மூன்றாம் நாள் முடிவு தொலைபேசியில் திரும்பவேண்டும். ஒரு வருடத்து முடிவுகளைத் தொகுத்தால், இந்த மாவட்டத்து ஈ.கோலி எந்த மருந்துக்கு எத்தனை வீதம் மசிகிறது என்ற அட்டவணை கிடைக்கும். கேரளா 2018இல் மாநிலத்துக்கென்றே செயற்திட்டம் வகுத்து, பின்னர் இப்படி ஓர் அட்டவணையை வெளியிட்டு வருகிறது. இலங்கையில் நுண்ணுயிரியல் நிபுணர்களின் கல்லூரி 2016இலேயே தேசிய வழிகாட்டியை எழுதிக் கொடுத்துவிட்டது. தேசிய வழிகாட்டி நாட்டுக்குப் பொது. திருகோணமலைக் கிருமியின் குணத்தைத் திருகோணமலைத் தட்டுத்தான் சொல்லும். அது கையில் இருந்தால், கல்ச்சர் எடுக்க முடியாத நோயாளிக்கும் வைத்தியரின் முதல் ஊகம் இருட்டில் எறிகிற கல்லாக இருக்காது. அட்டவணை அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மட்டுமில்லை, சனலிங் சென்டருக்கும் பாமசிக்கும் போகவேண்டும். செலவு? மருந்தியல் பேராசிரியர் செனக பிபிலே 1970களில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஊடாக, வேண்டிய மருந்தை மட்டும் பொதுப்பெயரில் வாங்கினால் ஏழை நாடும் தாங்கும் என்று உலகத்துக்குக் காட்டிய நாடு இது. வேண்டிய மருந்து எது என்று கண்டுபிடிக்கும் செலவை அதே சிந்தனையின் மறுபாதியாகத்தான் பார்க்கவேண்டும்.

தொற்றே வராமல் தடுக்கும் வழியும் இந்தச் செலவுக் கணக்கில் சேரும். அடிக்கடி சலக்கடுப்பு வரும் 140 பெண்களை வைத்து நடந்து 2018இல் வெளியான சோதனையில், வழக்கத்தைவிட ஒன்றரை லீற்றர் தண்ணீர் கூடக் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் சராசரி 1.7 தடவையும், மற்றவர்களுக்கு 3.2 தடவையும் தொற்று வந்தது. சிறுநீரகமோ இதயமோ பழுதடைந்தவர்கள் வைத்தியரைக் கேட்டே தண்ணீரைக் கூட்டவேண்டும். ஆனால் வேலைத்தலத்தில் கழிப்பறை இல்லாததால் தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு, ‘தண்ணீர் குடி’ என்ற புத்திமதி அரைவாசிதான். மீன்வாடியிலும் கடையிலும் ஹோட்டலின் பின்பக்கத்திலும் பூட்டுள்ள கழிப்பறை ஒன்று, சில அன்டிபயோட்டிக் பெட்டிகளுக்குச் சமம்.

ஒக்ஸ்போர்ட் வைத்தியசாலையில் இருந்து ஆய்வுகூடத்துக்குச் சிறுநீர் கொண்டுபோன சைக்கிளுக்குத் திரும்புவோம். விமானத் தாக்குதல் பயத்தில் நகரங்கள் இருட்டடைந்து கிடந்த காலம், பெற்றோலுக்குப் பங்கீடு. சிறுநீரில் இருப்பது மருந்து என்று தெரிந்ததால் அதைச் சுமந்துகொண்டு மிதிக்க ஆள் இருந்தது. இன்றைக்கு நம்முடைய போத்தலில் மருந்து இல்லை. எந்த மருந்து என்கிற பதில் இருக்கிறது. அதைச் சுமக்கப் போர் இல்லை, இருட்டடிப்பு இல்லை. புல்மோட்டையிலிருந்து நிலாவெளி வீதி வழியாக, அந்த மயானத்தைக் கடந்து, திருகோணமலைக்குப் பஸ் ஒவ்வொரு நாளும் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் ஒரு பெட்டி ஏறவேண்டும்.